செங்கல் மேல் கத்தி

மரம் இன்னும் சாகவில்லை. ஆனால் சாவதற்கான ஏற்பாடுகள் எல்லாம் ஒழுங்காக முடிந்திருந்தன.

முழங்கால் உயரத்தில், அடிமரத்தைச் சுற்றி, ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து எடுத்திருந்தார்கள். உள்ளே வெளிறிய கட்டை ஈரமாகப் பளபளத்தது. மேலே இலைகளுக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை. அவை பாட்டுக்குக் காலை வெயிலில் ஆடிக்கொண்டிருந்தன.

"வெட்டிச் சாய்ச்சிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்," என்றாள் பண்ணையம்மா. "இது கழுத்தைப் பிடிச்சு மெதுவா நெரிக்கிற வேலை. பட்டை போச்சுன்னா சத்து கீழ இறங்காது. வேர் பட்டினி கிடந்து சாகும்."

அண்ணி குனிந்து பார்த்தாள்.

யாருக்கு அண்ணி என்று கேட்கக் கூடாது. ஒரு காலத்தில் காக்கி உடுப்பில் இருந்து, பிடிக்காமல் கழற்றிப் போட்டுவிட்டு, சொந்தமாகத் துப்பறியும் நிலையம் வைத்தவள். உதவிக்குச் சேர்ந்தவன் கணவனின் தம்பி. அவன் நாள் முழுக்க 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டதில் வந்தவர் போனவர் எல்லாருக்கும் அது தொற்றிக்கொண்டது. கொழுந்தனுக்கு ஊர் வைத்த பெயர் சோடாபுட்டி. கண்ணாடி அவ்வளவு தடிமன். கண்ணில் குறைந்ததை வாயில் ஈடுகட்டிக்கொள்கிறவன்.

"கத்தி?"

பண்ணையம்மா மரத்தடியில் கவிழ்த்து வைத்திருந்த வாளியைக் காட்டினாள். "யாரும் தொடல. காவல்காரர் பார்த்த உடனே மூடி வைக்கச் சொல்லிட்டேன்."

"கோழிக்குஞ்சா மேடம், கவுத்து வைக்க?" என்றபடி சோடாபுட்டி வாளியைத் தூக்கினான்.

மரத்தடியில் பழைய செங்கல் ஒன்று பாதி புதைந்து கிடந்தது. அதன்மேல் அலகும், மண்ணில் பிடியுமாகக் கத்தி படுத்திருந்தது. மடக்குக் கத்தி இல்லை. எந்த இரும்புக் கடையிலும் மலிவாகக் கிடைக்கிற கார்பன் ஸ்டீல் ரகம்தான். ஆனால் யாரோ பொறுமையாக உட்கார்ந்து அதற்கு வேறு பிறவி கொடுத்திருந்தார்கள். விரலைக் காக்கிற முன்தடுப்பை அரத்தால் ராவி எடுத்திருந்தார்கள். அலகின் ஒரு பக்கம் பலகை போலத் தட்டை, மறுபக்கத்தில் மட்டும் சரிவு. பட்டையை நெம்ப வசதியாக முதுகு சதுரமாகியிருந்தது. பிடி எவருடைய உள்ளங்கையையோ அச்சு எடுத்த மாதிரி வளைந்து நெளிந்திருந்தது.

"ஒட்டுக் கட்டற கத்தி," என்றாள் பண்ணையம்மா. "ஒரு பக்கம் தட்டையா இருந்தாத்தான் குச்சியை நேராச் சீவ முடியும். தட்டை எந்தப் பக்கம்னு பார்த்தீங்களா? இடது கைக்காக. எங்க பண்ணையில இடது கைக்காரி ஒருத்திதான். குருவி."

அந்தப் பெயரைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. குருவியும் அவளும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். இந்தப் பண்ணையை இரண்டு பேருமாக வெறும் தரையிலிருந்து எழுப்பியவர்கள். இந்த மரம் அவர்கள் உண்டாக்கிய புது ரகம். உலகத்தில் இது ஒன்றுதான். இதிலிருந்து குச்சி எடுத்து மலைப்பக்கம் வாங்கியிருக்கிற நிலத்தில் புதுத் தோட்டம் போடுவதாக இருந்தார்கள். மூட்டை முடிச்செல்லாம் கட்டியாகிவிட்டது.

"விடியக்காலம் நாய் குலைச்சுது. காவல்காரர் டார்ச் அடிச்சா வேலியோரமா யாரோ ஓடறாங்க. ஓடற அவசரத்துல கத்தியைப் போட்டுட்டுப் போயிட்டா பாவி."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"அவர் தங்கம். 'நான் செஞ்சு குடுத்த கத்திதான், ஆனா அவசரப்பட்டு யாரையும் சொல்லாதே'ன்னார். நான்தான் கேட்கல. அவ வந்தப்ப கேட்டைச் சாத்திட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கும் இதே மாதிரி வலது கைக்கு ஒண்ணு செஞ்சு குடுத்திருக்கார். சாயங்காலமானா அவரே எடுத்துத் துடைச்சு வச்சிடுவார். எனக்கு அந்தக் கவலையே கிடையாது."

"நீங்க மலைக்குப் போனா அவர்?"

"அவருக்கு இங்க பம்பு செட்டு ரிப்பேர் வேலை இருக்கே. வாரா வாரம் வந்துட்டுப் போவார். அவர் எதுக்குமே வேணாம்னு சொன்னதில்ல."

அண்ணி அலகின்மேல் ஒரு விரலை மெல்லத் தேய்த்து முகர்ந்தாள். பிறகு அலகும் பிடியும் சேருகிற இடுக்கில் நகத்தைவிட்டாள். பிசுபிசுவென்று பால் ஒட்டியது. இன்னும் காயாத மரப்பால்.

"மரத்தைக் காப்பாத்த வழியே இல்லையா?"

"இருக்கு. அதை அவ ஒருத்திதான் செய்வா." பண்ணையம்மாவின் முகம் கல்லானது. "அவ கை படறதுக்கு இது செத்தே போகட்டும்."

வெளியே வந்ததும் சோடாபுட்டி கையைத் தட்டிக்கொண்டான். "இடதுகைக் கத்தி, இடதுகைக்காரி. கேஸ் முடிஞ்சுது அண்ணி. டீ குடிக்கலாமா?"

"ஓடறப்ப உன் கையில இருந்து கத்தி விழுந்தா எப்படி விழும்?"

"என் கால் மேலதான் விழும். என் ராசி அப்படி."

"இது மண்ணுல விழல. சேத்துல விழல. சரியாச் செங்கல் மேல அலகு படும்படி விழுந்திருக்கு. அதுவும் எண்ணெய் போட்டுக்கிட்டு."

சோடாபுட்டி நடையை நிறுத்தினான்.

"தையல் மெஷின் எண்ணெய்டா. அலகு முழுக்க மெல்லிசாப் பூசியிருக்கு. இடுக்குல மட்டும் பால் மிச்சம். வெட்டின பிறகு துடைச்சு, எண்ணெய் போட்டு, ஈரம் படாம படுக்க வச்சிருக்காங்க."

"அப்புறம் போர்வை போத்தி, தாலாட்டுப் பாடிட்டு ஓடினாங்களாக்கும்."

"கிட்டத்தட்ட அப்படித்தான்," என்றாள் அண்ணி. அவள் சிரிக்கவில்லை.

இதே மாதிரி இன்னொரு கத்தியை வேறு யாராவது செய்து கொண்டுவந்து போட்டிருக்கலாமே என்ற சந்தேகம் பாக்கி இருந்தது. அதனால் நேராக இரும்புக் கடை. கடைக்காரர் ஒரு தகரத் தட்டை எடுத்து முன்னால் வைத்தார். அதில் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஒரு டஜனுக்கு மேல் கத்திகள்.

சோடாபுட்டி பக்கத்துப் பெட்டியிலிருந்த பளபள ஸ்டெயின்லெஸ் கத்தியைத் தூக்கி, அதில் முகம் பார்த்துத் தலையை வாரிக்கொண்டான். "இதுதான் அழகா இருக்கு."

"அழகுக்குன்னா அதை வாங்குங்க தம்பி. வேலைக்குன்னா இது," என்று தட்டைத் தட்டினார் கடைக்காரர். "மலிவு. அதனால அரத்தை வைக்க மனசு பதறாது. உங்க இஷ்டத்துக்கு மாத்திக்கலாம்."

"மாத்தி எடுக்கறவங்க நிறைய பேரா?" என்றாள் அண்ணி.

"ஒரே ஒருத்தர். பண்ணையம்மா வீட்டுக்காரர். மெக்கானிக். மத்தவங்க வருவாங்க, ஒண்ணை எடுப்பாங்க, போவாங்க. அவர் வந்தா தட்டையே கலைச்சிடுவார். கண் மட்டத்துல தூக்கி நேரா இருக்கான்னு பார்ப்பார். நகத்தால சுண்டிக் காதுல வைப்பார். இரும்பு பிடிக்குள்ள கடைசி வரைக்கும் போகுதான்னு பிடியைத் தட்டிப் பார்ப்பார். பொண்ணு பார்க்கப் போனாக்கூட இவ்வளவு பார்த்திருக்க மாட்டார்."

அண்ணி தட்டைக் குனிந்து பார்த்தாள். "கார்பன் ஸ்டீல் துருப் பிடிக்குமே. ஒண்ணுலகூடத் துரு இல்லையே?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். "அதுவும் அவர் உபயம்தான். வாங்காத நாள்லகூட இந்தப் பக்கம் வந்தா சும்மா போக மாட்டார். எதுலயாவது புள்ளி தெரிஞ்சா பையில இருந்து எண்ணெய்த் துணியை எடுத்துத் துடைச்சுட்டுத்தான் போவார். நல்ல மனுஷன்."

நல்ல மனுஷன். அண்ணி அந்த வார்த்தையைக் காதோடு நிறுத்திக்கொண்டாள். உடுப்பில் இருந்த காலத்தில் அவளைக் கவிழ்த்தவர்களும் நல்ல மனுஷர்கள்தான்.

குருவி இஸ்திரிக் கடைக்கு மேலே ஒரு மாடி அறையில் இருந்தாள். சிறிய உருவம், பரபரவென்ற கைகள். அறையெல்லாம் கட்டி வைத்த பெட்டிகள். அவள் அவற்றின் நடுவே, எதை அவிழ்ப்பது என்று தெரியாதவள் போல உட்கார்ந்திருந்தாள். அண்ணி தான் யார் என்று சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"வளையம் முழுக்கச் சுத்தி எடுத்திருக்கா, இல்ல எங்கயாவது பட்டை தொடுப்பு இருக்கா?"

"முழுக்க."

குருவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"உங்க கத்தி எங்க இருந்துது?" என்றாள் அண்ணி.

"ஷெட்டுல ஆணியில மாட்டியிருந்தேன். யார் வேணும்னாலும் எடுத்திருக்கலாம். அதைச் சொல்றதுக்கு அவ விட்டாத்தானே? ஏண்டி செஞ்சேன்னுகூடக் கேட்கல. கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன். கேட்டை என் மூஞ்சியில சாத்தினா."

சோடாபுட்டி தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையல் மேடைப் பக்கம் போயிருந்தான். "அக்கா, இது கத்தியா, புதைபொருளா?"

தொட்டியில், தண்ணீருக்குள், ஒரு கத்தி கிடந்தது. அதே ரகம். அலகு முழுக்கக் காவி நிறத்தில் துரு திட்டுத்திட்டாக ஏறியிருந்தது.

"அது மெக்கானிக் அண்ணன் முதல்ல செஞ்சு குடுத்தது," என்றாள் குருவி. துக்கத்துக்கு நடுவிலும் அவள் உதட்டில் ஒரு வெட்கம் வந்து போனது. "துடைச்சு வை, துடைச்சு வைன்னு சொல்லி அவருக்கு வாயே வலிச்சுப் போச்சு. எனக்கு வரல. ரெண்டாவதைச் செய்யறப்ப ஈரக் களிமண்ணைக் கையில குடுத்து அழுத்தச் சொல்லி, அந்த அச்சை வச்சே பிடியைச் செதுக்கினார். கூடப் பிறந்த அண்ணன்கூட அப்படிச் செய்ய மாட்டான். அதையும் நான் துடைக்கலைன்னு சண்டை போடுவார்."

அண்ணியும் சோடாபுட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மரம் பொழைக்குமா?" என்றாள் அண்ணி.

"அதே மரத்துக் குச்சிங்களைச் சீவி, வெட்டுக்கு மேல பட்டைக்குள்ள ஒரு முனை, கீழ பட்டைக்குள்ள ஒரு முனைன்னு சுத்தியும் சொருகினா, சத்து அது வழியாப் போகும். பாலம் மாதிரி. பட்டை ஓரம் காயறதுக்குள்ள செய்யணும். இன்னிக்கே." சொல்லும்போதே அவள் விரல்கள் காற்றில் சீவத் தொடங்கியிருந்தன. சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "ஆனா நான் ஏன் போகணும்?"

அண்ணி கதவுப் பக்கம் நடந்தாள். "கேட்டுக்கு வெளியில வந்து நில்லுங்க. நான் கூப்பிடறேன்," என்று மட்டும் சொன்னாள்.

மெக்கானிக்கின் பட்டறை வீட்டுக்குப் பின்புறம், தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை. பிரித்துப் போட்ட பம்புகள் ஒரு பக்கம். ஜன்னலோர மேஜையில் அரங்கள், சாணைக்கல், உப்புத்தாள், வினிகர் பாட்டில், தையல் மெஷின் எண்ணெய். எல்லாம் அளவு வாரியாக அடுக்கியிருந்தன. அண்ணி கேட்டுக்கொண்டபடி பண்ணையம்மா வாசற்படியில் வந்து நின்றாள், எதற்கு என்று தெரியாமலே.

அண்ணி பையிலிருந்து மரத்தடியில் கிடந்த அந்தக் கத்தியை எடுத்தாள். கூடவே ஓர் எலுமிச்சம்பழம். சாவகாசமாகப் பழத்தை இரண்டாக அரிந்து, சாறு சொட்டுகிற கத்தியை அப்படியே மேஜையில் வைத்தாள். சோடாபுட்டி ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மடக்கில் பாதி குடித்து, மீதியை மேஜை முழுக்கக் கொட்டினான்.

"ஐயோ, மன்னிச்சுக்குங்க சார். கண்ணு தெரியாதவன் கையில சொம்பைக் குடுத்தா இப்படித்தான்."

"பரவாயில்ல," என்றார் மெக்கானிக். மென்மையான மனிதர். குரலும் மென்மை.

"எனக்கும் இப்படி ஒண்ணு வேணும்," என்றாள் அண்ணி. "என்னென்ன செய்யணும்?"

அவர் முகம் மலர்ந்தது. "விலையைப் பார்க்காதீங்க. மலிவுக் கத்தி போதும். ஸ்டெயின்லெஸ் கவனிப்பே கேட்காது, ஆனா மழுங்கினா சாதாரணக் கல்லுல தீட்டறதுக்குள்ள உசிரு போயிடும். கார்பன் அப்படியில்ல, சொன்ன பேச்சு கேட்கும். முதல்ல தடுப்பை ராவணும். அப்புறம் ஒரு பக்கத்தைத் தட்டையாத் தேய்க்கணும். மெதுவா. நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணியில முக்கணும், சூடேறி நீலம் பாரிச்சா இரும்போட குணமே போயிடும்..."

பேச்சு ஓடியது. பார்வை ஓடவில்லை. அது கத்தியிலேயே நின்றது. சாறு பட்ட இடம் மெல்லக் கறுக்கத் தொடங்கியிருந்தது.

"வினிகர்ல ஊற வச்சா ஒரு சாம்பல் நிறம் வரும். அது ஓரளவுக்குத் துருவைத் தடுக்கும். ஆனா அது மட்டும் போதாது. கவனிச்சுக்கிட்டே இருக்கணும். ஒரு நாள் கவனிக்கலைன்னா..."

"கல்யாணம் மாதிரி இருக்கே சார்," என்றான் சோடாபுட்டி.

"ஆமா," என்றார் அவர், காதில் விழாதவர் போல.

அவர் கை தானாகப் போனது. கத்தியை எடுத்தார். பின் பையிலிருந்து துணியை உருவினார். ஒரு துடைப்பு, திருப்பி மறு துடைப்பு, இரண்டு சொட்டு எண்ணெய், நுனி வரைக்கும் ஒரு நீவல். வைக்க இடம் தேடினார். மேஜை முழுக்கத் தண்ணீர். ஜன்னலில் முட்டுக் கொடுத்திருந்த செங்கல்லை எடுத்து வைத்து, அதன்மேல் அலகு படும்படி, பிடி வெளியே இருக்கும்படி, பதமாகப் படுக்க வைத்தார்.

"...முகத்தைத் தூக்கிக்கும்," என்று வாக்கியத்தை முடித்தார்.

 

வாசற்படியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. காலையில் வாளியைத் தூக்கியபோது பார்த்த அதே காட்சியைப் பண்ணையம்மா மறுபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அதே செங்கல் இல்லை. அதே கை.

"என்னங்க," என்றாள். "நீங்களா?"

அவர் செங்கல்லைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார். அப்போதுதான் தான் என்ன செய்தோம் என்பது அவருக்கே உறைத்தது.

"கத்தியில பாலோட விட்டிருந்தா உங்களை யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டாங்க," என்றாள் அண்ணி. "குருவி துடைச்சிருக்கவே மாட்டா. பழி போடறதுக்காகக் கொண்டுவந்து போட்ட வேற யாரும் துடைச்சிருக்க மாட்டாங்க. அது துருப் பிடிக்குமேன்னு கவலைப்படறதுக்கு இந்த ஊர்ல ஒரே ஒருத்தர்தான்."

"ராத்திரி பனி பெய்யுமே," என்றார் மெக்கானிக், சின்னக் குரலில். அதுதான் அவர் வாக்குமூலம்.

பண்ணையம்மா உள்ளே வந்தாள். "மரத்தைக் கொன்னீங்க. சரி. அவ உங்களை அண்ணான்னு கூப்பிட்டாளே. அவ தலையில ஏன் போட்டீங்க?"

"மரம் மட்டும் போனா நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து இன்னொரு மரம் உண்டாக்குவீங்க." அவர் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "மலைக்குப் போறோம்னு சொன்னே. வாரா வாரம் நான் வந்து பார்த்துட்டுப் போகலாம்னு சொன்னே. என் பொண்டாட்டி வீட்டுக்கு நான் விருந்தாளியா?"

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நீ எங்க கேட்டே? நீ சொன்னே. அவ்வளவுதான்."

அவள் அவரை அடிக்கப் போகிறாள் என்று அண்ணி நினைத்தாள். அடிக்கவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் தன் கத்தியைத் துடைத்து வைத்த அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு செங்கல் மேலிருந்த கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

குருவி கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். பண்ணையம்மா கேட்டை விரியத் திறந்து, அழுகையும் மூச்சிரைப்புமாக எல்லாவற்றையும் கொட்டினாள். "அண்ணனா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள் குருவி. வேறெதுவும் கேட்கவில்லை. கத்தியை வாங்கிக்கொண்டு மரத்தை நோக்கி நடந்தாள்.

அடுத்து அவள் செய்த வேலையைப் பார்க்க அண்ணிக்குக் கண் போதவில்லை. மரத்தில் ஏறி நல்ல குச்சிகளாகப் பார்த்து வெட்டினாள். ஒவ்வொன்றின் இரு முனையையும் ஒரே இழுப்பில் ஆப்பு மாதிரி சீவினாள். கத்தியின் முதுகால் பட்டையை நெம்பி, மேலே ஒரு முனை, கீழே ஒரு முனை சொருகி, சிறிய ஆணி அடித்து, மெழுகு பூசினாள். உரித்த வளையத்தைச் சுற்றிலும் வில் போல வளைந்த குச்சிகள் வரிசையாக எழுந்து நின்றன. சோடாபுட்டி வாயைத் திறக்காமல் மெழுகுக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதை அண்ணி வாழ்நாளில் அன்றுதான் பார்த்தாள்.

"பொழைச்சிடும்," என்றாள் குருவி, எழுந்து. "தளிர் வந்தா கிள்ளிவிடணும். குச்சி காத்துல ஆடாமப் பார்த்துக்கணும்."

"நீயே பார்த்துக்கோயேன்," என்றாள் பண்ணையம்மா. "என்னை மன்னிச்சிடுடி. அவர் இப்படிச் செய்வார்னு நான்..."

"அவர் கத்தியைத்தான் வச்சார்," என்றாள் குருவி. குரலில் கோபமே இல்லை. "அது நான்தான்னு முடிவு பண்ணினது நீ. அவருக்காவது ஒரு ராத்திரி முழுக்க வேலை இருந்துது. உனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகல."



குருவி சோடாபுட்டியிடம் துணி கேட்டாள். அவன் கண்ணாடி துடைக்கிற துணியை நீட்டினான். அவள் கத்தியை இரண்டு பக்கமும் துடைத்தாள். இடுக்கில் இருந்த பாலைக்கூட நகத்தால் சுரண்டி எடுத்துத் துடைத்தாள். மெழுகுச் சாமான் பெட்டியில் இருந்த எண்ணெயைத் தொட்டு, நுனி வரைக்கும் நீவினாள். அலகு படும்படி, பிடி வெளியே இருக்கும்படி, மரத்தடிச் செங்கல் மேல் படுக்க வைத்தாள்.

பிறகு கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அண்ணி," என்றான் சோடாபுட்டி மெதுவாக. "அவங்களுக்குத்தான் துடைக்கிற பழக்கமே இல்லைன்னாங்களே?"

"திருப்பிக் குடுக்கறப்ப துடைச்சுத்தான் குடுக்கணும்," என்றாள் அண்ணி.

பண்ணையம்மா குனிந்து கத்தியை எடுத்தாள். வலது கையில் பிடித்தாள். மாற்றிப் பிடித்தாள். இன்னொரு தடவை மாற்றினாள். எப்படிப் பிடித்தாலும் பிடி அவள் உள்ளங்கையில் உட்காரவில்லை.